கணவருக்கு மூன்று, மனைவிக்கு ஐந்து: இருவரும் உழைக்கும் குடும்பங்களின் வரிவகுப்புக் கணக்கு

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களின் அஞ்சற் பெட்டிகளில் வந்து விழும் கடிதங்களுள், வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு அடுத்தபடியாக நெஞ்சிடியை உண்டாக்குவது வரித் திணைக்களமாகிய பினான்ஸ்அம்ற்றிலிருந்து வருவதே. ரூர் பிரதேசத்து நகரொன்றில் வசிக்கும் எமது நண்பர் தம்பதியர் இத்தகைய கடிதமொன்றை எம்மிடம் எடுத்து வந்தனர். கணவர் பண்டகசாலையொன்றில் முழுநேர ஊழியர். மனைவி முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் அரைநேர வேலை செய்பவர். முதல் ஆண்டாக இருவரும் சேர்ந்து வரி அறிக்கை கொடுத்திருந்தனர். ஏதாவது திரும்பி வரும், அதனைக் கொண்டு ஊரிலுள்ள தாயாரின் வீட்டுக்கு ஓடு மாற்றலாம் என்பது அவர்களின் திட்டம். வந்ததோ ஆயிரம் யூரோவுக்கு மேல் ஒரு மாதத்துக்குள் செலுத்துமாறு கோரும் கடிதம்.

“மாதாமாதம் சம்பளத்திலை வெட்டிக்கொண்டுதானே இருந்தவை. பிறகேன் இன்னும் கேக்கினம்?” என்று மனைவி கேட்டார். கணவர் எதுவும் பேசவில்லை. வரிவகுப்பை மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பியவர் அவர்தான். வேலைத்தலத்திலிருந்த ஒருவர் சொல்லக் கேட்டு, “எனக்கு மூன்று, அவளுக்கு ஐந்து” என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருந்தார்.

அந்தப் பெண்மணியின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல முயல்வதே இக்கட்டுரை. எம்மவர் வீடுகளிற் பெரும்பாலும் ஆண்கள் முடிவெடுத்து, பெண்கள் கையொப்பமிடும் விடயமாக இது இருந்து வருவதால், பெண் வாசகர்களே இதனைக் கூடுதற் கவனத்துடன் வாசிக்க வேண்டுமென விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படுவது வரியன்று, வரிக்கான முற்பணம். உண்மையான வரி, ஆண்டு முடிந்த பின்னர் முழு ஆண்டின் வருமானத்தையும் வைத்தே கணிக்கப்படுகிறது. முற்பணம் கூடியிருந்தால் மிகுதி திரும்பி வரும். குறைந்திருந்தால் கடிதம் வரும். வரிவகுப்பு என்பது இந்த முற்பணம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு மாத்திரமே. வகுப்பு மூன்றை எடுத்தால் வரி குறையும் என்று எம்மவர் மத்தியில் உலவும் நம்பிக்கை தவறானது. வரி குறைவதில்லை, அதைச் செலுத்தும் நாள்தான் தள்ளிப் போகிறது.

வகுப்புகள் ஆறு. மணமாகாதவருக்கும் பிரிந்து வாழ்பவருக்கும் ஒன்று. பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாய் அல்லது தந்தைக்கு இரண்டு. மணமானவர்களுக்கு மூன்று, நான்கு, ஐந்து. ஒருவர் ஒரே வேளையில் இரு இடங்களில் வரிக்குரிய வேலை செய்தால், இரண்டாவது வேலைக்கு ஆறு. பகலில் தொழிற்சாலை, மாலையில் உணவகம் என உழைக்கும் எமது இளைஞர்கள் இரண்டாவது சம்பளச் சிட்டையைப் பார்த்துத் திகைப்பது இந்த ஆறாம் வகுப்பினாலேயே. அதில் எந்தக் கழிவும் இல்லை. முதல் யூரோவிலிருந்தே பிடிப்புத் தொடங்கிவிடும். இரண்டாவது வேலை மினியொப் எனப்படும் சிறுவேலையாயின் இக்கவலை பெரும்பாலும் இல்லை. 2025 இல் மாதம் 556 யூரோ, 2026 இல் 603 யூரோ என்ற எல்லைக்குள் நிற்கும் அவ்வகை வேலைக்கு வழமையாக முதலாளியே சிறு விழுக்காட்டு வரியைக் கட்டிவிடுவார்.

மணமானவர்களின் கதைக்கு வருவோம். இந்நாட்டில் கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி, அதனை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குரிய வரியைக் கணித்து, பின் அதனை இரட்டிப்பாக்குவர். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுகின்ற நாட்டில், ஒருவர் கூடவும் மற்றவர் குறையவும் உழைக்கும் தம்பதியருக்கு இது இலாபமான முறை. இது சும்மா கிடைத்ததன்று. முன்னர் இருவரின் வருமானத்தையும் கூட்டி மொத்தத்துக்கே வரி விதித்து வந்தனர். அதனால் மணமானவர்கள் தனியாட்கள் இருவரைவிடக் கூடுதலாகக் கட்டும் நிலை இருந்தது. 1957 ஜனவரியில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இது திருமணத்தைப் பாதுகாக்கும் அரசியலமைப்புப் பிரிவுக்கு முரணானது எனத் தீர்த்தது. 1958 முதல் இப்போதைய பிரிப்பு முறை நடைமுறைக்கு வந்தது.

ஆண்டு முடிவில் இருவருக்கும் பொதுவாகக் கிடைக்கும் இந்தச் சலுகையை மாதச் சம்பளத்திலேயே முன்கூட்டிக் காட்டுவதற்கு எழுந்ததுதான் மூன்று–ஐந்து என்னும் சோடி. வரியில்லா அடிப்படைத் தொகை 2025 இல் ஒருவருக்கு 12,096 யூரோ. 2026 இல் 12,348 யூரோ. நான்காம் வகுப்பில் இருவரும் தத்தமக்குரிய தொகையை வைத்திருப்பர். மூன்று–ஐந்தில், மூன்றாம் வகுப்புக்காரர் தமதையும் துணையினதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். ஐந்தாம் வகுப்புக்காரரிடம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு வீட்டில் இரண்டு குடை இருக்க, இரண்டையும் ஒருவரே பிடித்துக்கொண்டு போக மற்றவர் மழையில் நனைவது போன்றது இது.

நண்பர் தம்பதியரின் தொகைகளைச் சற்று முழுமைப்படுத்தி, 2025 ஆம் ஆண்டு விகிதப்படி கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். எல்லாக் கழிவுகளும் போக, கணவரின் வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 30,000 யூரோ, மனைவியினது 12,000 யூரோ என்க. கூட்டினால் 42,000, பாதி 21,000. அப்பாதிக்குரிய வரி ஏறத்தாழ 1,890 யூரோ. இரட்டித்தால் 3,780. எந்த வகுப்பில் இருந்தாலும் இக்குடும்பம் அந்த ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி இதுவே.

இருவரும் நான்காம் வகுப்பில் இருந்தால் கணவரின் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு 4,300 யூரோவளவில் கழியும். மனைவியின் வருமானம் வரியில்லா எல்லைக்குள் நிற்பதால் அவரிடமிருந்து ஒரு சதமும் கழியாது. ஆண்டு முடிவில் வரி அறிக்கை கொடுத்தால் 520 யூரோ வரையில் திரும்பி வரும்.

அதே குடும்பம் மூன்று–ஐந்தில் இருந்தால் கணவரிடமிருந்து கழிவது ஆண்டுக்கு 970 யூரோ மட்டுமே, அதாவது மாதம் 81 யூரோ. மனைவியிடமிருந்தோ 1,680 யூரோ, மாதம் 140. வீட்டுக்கு மாதந்தோறும் கூடுதலாக வருவது ஏறத்தாழ 138 யூரோ. கணவரின் சம்பளச் சிட்டை அழகாகத் தோன்றும். ஆனால் இருவரிடமும் பிடித்ததைக் கூட்டினால் 2,650 யூரோதான். கட்ட வேண்டியதோ 3,780. எஞ்சிய 1,130 யூரோவைக் கேட்டே கடிதம் வருகிறது. மாதம் 138 யூரோ வீதம் வந்த பணம் வாடகைக்கும் சீட்டுக்கும் போய்விட்டிருக்கும்.

மூன்று–ஐந்து என்னும் சோடி, வீட்டு வருமானத்தில் ஒருவர் ஏறத்தாழ அறுபது பங்கும் மற்றவர் நாற்பது பங்கும் உழைக்கும் நிலையை மனதிற் கொண்டு வகுக்கப்பட்டது. வருமானம் அந்த விகிதத்திலிருந்து விலகும்போது கணக்குப் பிசகத் தொடங்கும். இதனாலேயே இச்சோடியை எடுத்தவர்கள் இருவரும் சம்பளம் பெற்ற ஆண்டுக்கு வரி அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. “அறிக்கை கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்கள்” என்று ஆலோசனை சொல்வோர் எம்மிடையே உள்ளனர். கேட்பார்கள். தாமதக் கட்டணமாகத் தொடங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் குறைந்தது 25 யூரோ விதிக்கும் அதிகாரம் அவர்களிடம் உண்டு. தாமாகவே அறிக்கை கொடுப்போருக்கான கடைசி நாள் அடுத்த ஆண்டு யூலை 31. வரி ஆலோசகர் மூலமோ ஊழியர் வரி உதவிச் சங்கம் மூலமோ கொடுப்போருக்கு அதற்கடுத்த பெப்ரவரி இறுதி வரை தவணை உண்டு.

இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. பெருந்தொகை பாக்கி வந்துவிட்டால், வரும் ஆண்டுகளிலும் அப்படியே நிகழும் என எண்ணி, பங்குனி, ஆனி, புரட்டாதி, மார்கழி ஆகிய நான்கு மாதங்களிலும் பத்தாந் திகதிக்குள் முற்பணம் கட்டுமாறு பினான்ஸ்அம்ற் உத்தரவிடலாம். பழைய பாக்கியும் புதிய முற்பணமும் ஒரே கடிதத்தில் வரும்போது ஏதோ தண்டனை விதித்துவிட்டார்கள் என்று பதறுவோரை நாம் கண்டிருக்கிறோம். அது தண்டனையன்று. பாக்கியைத் தவணை முறையிற் கட்ட அனுமதி கேட்டு எழுதலாம். பெரும்பாலும் வட்டியுடன் அனுமதி கிடைக்கும். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவது மட்டும் கூடாது.

இதுவரை சொன்னது பணம் முன்னே வருவதா பின்னே வருவதா என்ற கதை. ஆண்டு முடிவில் அது சமப்பட்டுவிடும். ஆனால் ஒருபோதும் சமப்படாத நட்டமொன்று உண்டு. எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டியது அதுவே.

இந்நாட்டில் வேலை இழந்தால் கிடைக்கும் வேலையற்றோர் பணம், நீண்ட நோயின்போது காப்புறுதி நிறுவனம் தரும் நோய்க்காலப் பணம், பிள்ளை பிறந்த பின் கிடைக்கும் பெற்றோர் பணம் ஆகியன எல்லாம் கழிவுகள் போகக் கையில் வரும் சம்பளத்தை ஒட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. ஐந்தாம் வகுப்பில் இருப்பவரின் கைச்சம்பளம் செயற்கையாகக் குறைந்திருப்பதால் இக்கொடுப்பனவுகளும் குறைகின்றன. வரி அறிக்கை கொடுத்து இதனைத் திரும்பப் பெற முடியாது. மேலே காட்டிய கணக்கில் மனைவி வேலை இழந்தால், பிள்ளையுள்ளவர்களுக்குக் கைச்சம்பளத்தின் 67 விழுக்காடே வேலையற்றோர் பணம் என்பதால், ஐந்தாம் வகுப்பு என்ற ஒரே காரணத்துக்காக அவர் மாதம் 90 யூரோவுக்கு மேல் இழப்பார். வேலையற்றோர் பணத்துக்குப் பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் இருந்த வகுப்பே கணக்கில் எடுக்கப்படும். வேலை நீக்கக் கடிதம் வந்த பின் ஓடிச்சென்று மாற்றுவதாற் பயன் குறைவு.

பெற்றோர் பணத்துக்குக் காலக் கணக்கு இன்னும் முக்கியம். பிள்ளை பிறப்பதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுள் எந்த வகுப்பு அதிக மாதங்கள் இருந்ததோ அதையே பார்ப்பர். எனவே மகப்பேற்று விடுப்புத் தொடங்குவதற்குக் குறைந்தது ஏழு மாதங்களுக்கு முன்னரே மாற்றம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். கருவுற்றிருப்பதை அறிந்தவுடன், ஊருக்குத் தொலைபேசியிற் சொல்வதற்கும் முன்னரே, வரிவகுப்பை நினைக்க வேண்டியிருக்கிறது! சிரிப்புக்கிடமானதுதான். ஆயினும் கருவுற்ற மூன்றாம் மாதத்தில் வந்து கேட்ட பெண்ணொருவருக்கு “தங்கச்சி, காலம் கடந்துவிட்டது” என்று நாம் சொல்ல நேர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஈராண்டுகள் மருத்துவமனைத் துப்புரவுப் பகுதியில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போய் உழைத்தவர் அவர்.

ஐந்தாம் வகுப்பு வேறொரு விதத்திலும் பெண்களைப் பாதிக்கிறது. “நீ நாள் முழுக்க நின்று உழைச்சுக் கொண்டு வாறது இவ்வளவுதானே, பேசாமல் வீட்டிலை இரு” என்னும் பேச்சு எத்தனையோ வீடுகளில் எழுவதுண்டு. அவருடைய உழைப்புக்குரிய வரியில்லாத் தொகை கணவரின் சம்பளத்தில் ஒளிந்திருப்பதை இருவருமே உணர்வதில்லை. கணக்கில் நாம் கண்ட பெண், நான்காம் வகுப்பில் வரியே கட்டாதவர், ஐந்தாம் வகுப்பில் மாதம் 140 யூரோ இழக்கிறார். அதைச் சிட்டையிற் பார்த்துவிட்டே வேலையை விட்டவர்களும் உண்டு.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. 2010 முதல் நடைமுறையில் உள்ளது. எம்மவருட் பெரும்பாலானோர் இதனைக் கேள்விப்பட்டதேயில்லை. நான்கு–நான்கு என்னும் சோடியுடன் காரணி ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே அது. இருவரின் எதிர்பார்க்கப்படும் ஆண்டுச் சம்பளத்தையும் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்தால், பிரிப்பு முறைப்படி வரக்கூடிய வரியை நான்காம் வகுப்பில் இருவருக்கும் வரக்கூடிய பிடிப்பின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு பின்னத்தைத் தருவர். எமது கணக்கில் 3,780 ஐ 4,303 ஆல் வகுக்க 0.878 வரும். அதன்பின் மாதப் பிடிப்பு இந்த எண்ணாற் பெருக்கப்படும். கணவரிடமிருந்து மாதம் 315 யூரோ கழியும்; மனைவியிடம் எதுவுமில்லை. ஆண்டு முடிவிற் பெரும் பாக்கியும் வராது, பெருந்தொகை திரும்பவும் வராது. இருவரும் தத்தமது வரியில்லாத் தொகையை வைத்திருப்பர். இதற்கும் வரி அறிக்கை கட்டாயம். காரணி அடுத்த ஆண்டு இறுதி வரையே செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். எமது எண்ணத்தில், இருவரும் தொடர்ந்து உழைக்கும் வீடுகளுக்கு இதுவே பொருத்தமானது. மூன்று–ஐந்து முற்றாகக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஒருவர் மட்டுமே உழைத்து மற்றவர் மொழி வகுப்புக்குச் செல்லும் காலத்தில் அது மாதச் செலவுக்குக் கைகொடுக்கும். மனைவி வேலைக்குப் போகத் தொடங்கிய அன்றே அதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றுவது கடினமன்று. முன்னைய காலத்தில் நகரசபை ஆண்டுதோறும் நிறம் மாற்றி அனுப்பிய மட்டை வரி அட்டையை எண்பதுகளில் வந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது கடைசியாக 2010 ஆம் ஆண்டுக்கு அச்சிடப்பட்டது. இப்போது எல்லாம் மின்னியல் பதிவு. பினான்ஸ்அம்ற்றிற் கிடைக்கும் படிவத்தை நிரப்பியோ, எல்ஸ்ரர் என்னும் அரச இணையச் சேவை வழியாகவோ விண்ணப்பிக்கலாம். கட்டணமில்லை. 2020 முதல் ஓர் ஆண்டில் ஒரு முறைதான் என்ற தடையும் இல்லை. விண்ணப்பித்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து புதிய வகுப்பு நடைமுறைக்கு வரும். நடப்பு ஆண்டுக்கான மாற்றத்துக்கு நவம்பர் 30 கடைசி நாள். முதலாளிக்குத் தனியே அறிவிக்கத் தேவையில்லை. அவருடைய கணக்குப் பகுதிக்குத் தானாகவே போய்விடும்.

கையொப்பம் பற்றி ஒன்று. நான்கு–நான்கிலிருந்து மூன்று–ஐந்துக்குப் போக இருவரின் ஒப்புதலும் வேண்டும். மூன்று–ஐந்திலிருந்து நான்கு–நான்குக்குத் திரும்ப 2018 முதல் ஒருவரின் விண்ணப்பமே போதும். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் மனைவி, கணவர் இணங்காவிட்டாலும், தனியே சென்று மாற்றிக்கொள்ளலாம். குடும்பத்துக்குட் சண்டை மூட்டுவதற்காக இதை எழுதவில்லை. சட்டத்தில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று என்பதற்காகவே எழுதுகிறோம். சேர்ந்து அறிக்கை கொடுத்த தம்பதியர் பின்னர் பிரிந்தாலும் அந்த ஆண்டுகளின் பாக்கிக்கு இருவரும் பொறுப்பு. அக்கடனை அவரவர் பங்குக்குப் பிரித்துத் தருமாறு பினான்ஸ்அம்ற்றிடம் விண்ணப்பிக்கும் உரிமையும் உண்டு.

புதிதாக வந்தவர்களின் சிக்கல் வேறு வகையானது. அகதி விண்ணப்பம் கொடுத்து வேலை அனுமதி பெற்ற பலருக்கு, மணமானவராக இருந்தும் வகுப்பு ஒன்றே கிடைத்திருக்கிறது. நகரசபைப் பதிவேட்டில் மணமானவர் என்ற பதிவு இல்லாமையே காரணம். ஊரிற் கோவிலில் தாலி கட்டிப் பதிவுத் திருமணம் செய்யாதவர்களும், பதிவுச் சான்றிதழைப் போரில் இழந்தவர்களும் இதனால் அல்லலுறுகின்றனர். விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதியை இலங்கையிலிருந்து பெற்று, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் டொச்சு மொழிக்கு மாற்றி, நகரசபையில் திருத்திய பின்பே வரிவகுப்பு மாறும். துணைவர் இன்னும் இலங்கையில் இருந்தால் மூன்றும் கிடையாது, நான்கும் கிடையாது. அவர் வந்து சேர்ந்து, இருவரும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிவிட்டால், அது மார்கழி மாதக் கடைசி நாளாக இருந்தாலும் அவ்வாண்டு முழுவதற்கும் சேர்ந்து வரி அறிக்கை கொடுக்கலாம். இந்த ஒன்றை அறியாமல் ஆயிரக்கணக்கான யூரோவை விட்டுவிட்டவர்கள் உள்ளனர்.

அதேபோல, ஊரிலுள்ள வசதியற்ற பெற்றோருக்கோ துணைவருக்கோ அனுப்பும் பணத்தையும் உரிய ஆதாரங்களுடன் ஓர் எல்லை வரை கழிவாகக் காட்டலாம். ஆனால் 2025 முதல் பெறுபவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணமே ஏற்கப்படும். உண்டியலில் அனுப்பியதற்கு எந்தத் துண்டும் உதவாது.

இருவரும் நான்காம் வகுப்பில், காரணியில்லாமல் இருப்போர் வேறெந்தக் காரணமும் இல்லாதவிடத்து அறிக்கை கொடுக்கத் தேவையில்லை. தேவையில்லை என்பதனால் கொடுக்காமலே இருந்துவிடுகின்றனர். எமது கணக்கிற் கண்ட 520 யூரோ போன்ற தொகை அப்படியே அரசிடம் தங்கிவிடுகிறது. கட்டாயமில்லாதவர்கள் நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கொடுக்கலாம். 2022 ஆம் ஆண்டுக்குரியதை 2026 மார்கழி 31 வரை அனுப்பலாம். நோய்க்காலப் பணம், பெற்றோர் பணம், வேலையற்றோர் பணம் முதலியன ஆண்டில் 410 யூரோவுக்கு மேற் பெற்றிருந்தால் நான்காம் வகுப்பினரும் அறிக்கை கொடுத்தேயாக வேண்டும். அப்பணத்துக்கு நேரடியாக வரியில்லை. ஆயினும் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை அது உயர்த்திவிடும்.

மூன்று–ஐந்து சோடியை அடியோடு நீக்கிவிட 2024 இல் முன்வைக்கப்பட்ட சட்டவரைவொன்று முயன்றது. 2030 முதல் எல்லாத் தம்பதியரையும் காரணியுடன் கூடிய நான்காம் வகுப்புக்கு மாற்றுவது அதன் நோக்கம். அரசாங்கக் கூட்டணி கலைந்த பின் அவ்வாண்டு மார்கழியில் நிறைவேறிய சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை. ஆகவே தெரிவு இன்னமும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது.

எமது நண்பர் தம்பதியர் பாக்கியை ஐந்து தவணைகளிற் கட்டி முடித்தனர். தவணை கேட்டு எழுதிய அதே நாளில் வகுப்பு மாற்றும் படிவத்தையும் நிரப்பினர். இம்முறை இருவரின் சம்பளச் சிட்டைகளையும் மேசையிற் பக்கத்துப் பக்கமாக வைத்துக்கொண்டு, நிரப்பியவர் மனைவி. அடுத்த மாதச் சிட்டை வந்தபோது “இஞ்சருங்கோ, இஞ்சை பாருங்கோ” என்று அவர் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில், வரிப் பிடிப்புக்கு நேரே 0.00 என்று இருந்தது. கணவரின் சிட்டையில் முன்பைவிட இருநூறு யூரோவுக்கு மேற் குறைந்திருந்தது. தாயாரின் வீட்டு ஓடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.